ஆயில் கூலர் யாருக்கு?

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி தேவலையா? அம்மா பிரஷர் மாத்திரையை மறக்காம போடுறாங்களா? நான் ஜம்முனு இருக்கேன்.

ஒரு விஷயம், அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க. என் ரூம்ல இருந்த மூணு நர்ஸுகளுக்கும் மலை மேல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்றல். பெட்டி படுக்கையோட அவங்களை என் பழைய கார்லயே கொண்டுபோய் விட்டேன். உச்சியில நிறுத்தினா ஸ்டியரிங் பக்கத்துல இன்ஜின் ஆயில் எச்சரிக்கை விளக்கு கண் சிமிட்டுது! நீங்க வேன் ஓட்டினப்போ செய்வீங்களே, அதே மாதிரி ஆயில் பார்க்கிற கம்பியை உருவி மோந்து பார்த்தேன். கருகின வாடை. உங்க பொண்ணாச்சே!

மெக்கானிக் சொன்னார்: "ஆயில் சூட்டைத் தணிக்கிற ஆயில் கூலர் மாட்டினா சரியாயிடும். ஆனா உனக்கு எதுக்கும்மா? நீ தனியா வேலைக்குப் போற பத்து நிமிஷத்துல ஆயில் சூடுகூட ஆகாது. வண்டி நிறைய ஆளோட மேடு ஏறினாத்தான் அது வேணும். அவங்கதான் போயிட்டாங்களே?"

மூணு நாள் யோசிச்சேன். நேத்து மாட்டச் சொல்லிட்டேன்பா!

ஏர்போர்ட்ல இருந்து என் ரூம் வரைக்கும் ஒரே ஏத்தம். உங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் எப்போ முடியுதுன்னு பார்த்து உடனே எழுதுங்க. டியூட்டிக்கு நேரமாச்சு.

முன் சீட்டு உங்களுக்குத்தான். ஸ்டியரிங்கை மட்டும் கேட்கக் கூடாது.

உங்கள் மகள்