கரடியூருக்குக் கொண்டுபோன போர்வை

14 ஜூலை 1986, திங்கள்

என் மனைவி ஞானம் இறந்து இன்றோடு பதினாறு நாள். அவளுடைய பெட்டியை இன்றுதான் திறந்தேன். பழைய சேலைகளை வெட்டி, துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை ஒன்று மேலாக இருந்தது. பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று தைத்து, மூலையில் பெயரையும் நூலால் எழுதிவிடுவாள். இதில் 'ஜான்சி' என்று இருந்தது. அந்தப் பெயரில் எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை.

லில்லியின் குழந்தையாகத்தான் இருக்கும். என் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள். ஒன்பது வருடமாக அவளோடு நான் பேசவில்லை. தாயை அடக்கம் செய்த அன்று வந்தவளையும் கல்லறை வாசலிலேயே தடுத்துவிட்டேன்.

மத்தியான பஸ்ஸில் கரடியூர் போனேன். வீட்டுக்கு முன்னால் கொடியில் ஞானம் தைத்த போர்வைகள் இரண்டு காய்ந்தன.

லில்லி கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். போர்வையை நீட்டினேன்.

"தெச்சு முடிச்சிட்டாங்களா? போன மாசம் பாதியில கொண்டாந்து காட்டுனாங்க."

"உங்கம்மா இங்க வந்தாளா?"

"மாசம் ஒருக்கா வருவாங்க. அப்பா சொல்லித்தான் வந்தேம்பாங்க. அது நெசங்களாப்பா? அப்புறம் ஏன் அன்னிக்கு என்னைய உள்ள உடல?"

"எனக்குத் தெரியாது கண்ணு. அவ சொல்லவே இல்ல."

அவள் அழுதாள். உள்ளே வரச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன். போர்வையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வருவாளோ, மாட்டாளோ. ஞாயிறன்று முதல் பஸ்ஸுக்கே போய் அவள் வாசலில் நிற்பேன்.