வெட்டிய எட்டு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பத்து முதல் இரண்டு வரை கரண்ட் இல்லை என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். அதற்குள் லேப்டாப்புக்கு சார்ஜ்.

கேஸ் புக்கிங். அப்பாவுக்கு பிபி மாத்திரை. முதலைப் படத்தின் தமிழ் ஸ்கிரிப்டில் கடைசி மூன்று பக்கம்.

முதலையை முடித்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அடுத்த வேலை. சென்னை ஸ்டூடியோவில் தமிழ் டப்பிங் பார்க்கும் ரமணன் அனுப்பியிருந்தார். படத்தின் பெயரை இரண்டு தடவை படித்தேன். போர்வெல் படம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பற்றி, இரண்டு வருடம் முன்பு நாலு வெள்ளைக்காரர்கள் வந்து பதினோரு நாள் எடுத்தார்களே, அதே படம்.

அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூடவே அலைந்தது நான்தான். பள்ளிக்கூட வேலையை விட்டிருந்த சமயம். அந்த அறிமுகத்தில்தான் இந்த டப்பிங் வேலையே வந்தது.

சரஸ்வதி அக்கா அதில் பேசியிருக்கிறார். மாட்டேன் மாட்டேன் என்றவரைப் பேச வைத்தது நான்.

சாயங்காலம் போன் போட்டு, 23 ஞாயிறு மாலை ஏழு மணிக்கு இங்கே டிவியில் வருகிறது என்றேன். "நெசமாங்க டீச்சர்?" என்றார். அவர் மகளுக்கு இரண்டு வருடம் பாடம் எடுத்தேன். இன்னும் டீச்சர்தான்.

மார்ச் 6, வியாழன்

முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்தேன். 44 நிமிடம். அக்கா பேசுவதைக் காணோம். ஏதோ பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று ஸ்கிரிப்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். இல்லை.

போன வருடம் டைரக்டர் அனுப்பிய லிங்க் இன்னும் வேலை செய்கிறது. அது 52 நிமிடம். அதில் அக்கா இருக்கிறார். மேலே ஓர் இங்கிலீஷ்காரப் பெண்ணின் குரல், அடியில் மெலிசாக அக்காவின் சொந்தக் குரல்.

அவர் சொன்னது: வீட்டுக்காரர் டிரில்லர். ஆந்திராவில் ஒரு தோட்டத்தில் போர் ஓட்டிக்கொண்டிருந்தபோது துளை போடும் ராடு நழுவி மேலே விழுந்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. இன்னும் நாற்பது அடி பாக்கி இருக்கிறது, தண்ணீர் வருகிற மாதிரி இருக்கிறது என்று முதலாளி போனில் சொல்ல, ஓட்டி முடித்துவிட்டுத்தான் உடம்பை எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் இல்லை. பைப் ஏற்றுகிற சப்போர்ட் வண்டியில், பைப்புகளுக்கு நடுவில். வீட்டு வாசலில் இறக்கும்போது வேட்டியெல்லாம் பாறைத் தூள்.

அன்றைக்கு இதை நான் இங்கிலீஷில் சொன்னபோது கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அக்கா கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம். இரண்டு பக்கம், பொடி எழுத்து. முழுதாகவோ பகுதியாகவோ, எந்த மொழியிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும். நான் படித்துப் பார்த்தேன். படித்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னது ஒரே வரி: "நீங்க பேசுனதைக் காட்டுறதுக்குச் சம்மதம்னு போட்டிருக்குதுங்க அக்கா."

இட்லி மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

ரமணனிடம் பேசினேன். நல்ல மனிதர்தான். பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் எரிச்சல்.

குறித்துக்கொண்டவை:

- படம் எடுப்பது ஒரு தடவை. எடுக்கும் முன்பே இரண்டு மூன்று நாட்டுச் சேனல்கள் சேர்ந்து செலவைப் போட்டுவிடும். அப்புறம் நாடு நாடாக விற்பதெல்லாம் லாபம். குரலை மாற்றினால் போதும்.

- இங்கே வருமானம் இரண்டு வழி. கேபிள், டிஷ் வழியாக வீட்டுக்கு வீடு மாதா மாதம் ஒரு சின்னத் தொகை. கார்ட்டூன், கிரிக்கெட்டோடு சேர்த்துக் கட்டி விற்பதால், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வரும். இன்னொன்று விளம்பரம். முதலாவது சோறு, விளம்பரம்தான் குழம்பு என்றார்.

- வெளிநாட்டில் படம் 52 நிமிடம். இங்கே ஒரு மணி நேரத்தில் விளம்பரம் அதிகம், படம் 44. எட்டு நிமிடம் வெட்டியாக வேண்டும். எதை வெட்டுவது என்பது சிங்கப்பூரில் சேனல் ஆபீஸில் முடிவாகிறது.

- படம் இந்தியா முழுக்க ஒன்றுதான். இந்தி, தமிழ், தெலுங்கு எல்லாம் வெறும் ஒலி. அதனால் தமிழில் மட்டும் அக்காவைச் சேர்க்க முடியாது. (கேட்டுப் பார்த்தேன்.)

23இல் தொடங்குவது 'இயந்திர வாரம்'. ஒரு மோட்டார் பம்பு கம்பெனி அந்த வாரம் முழுவதற்குமான விளம்பர நேரத்தை வாங்கியிருக்கிறது.

"டாக்குமெண்டரி சேனல் படம் விக்கறதில்ல மேடம், மணி நேரத்தை விக்குது. அந்தம்மா பேசி முடிச்ச கையோட பம்பு விளம்பரம் போட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

மார்ச் 10, திங்கள்

அக்கா அடியோடு இல்லாமலும் இல்லை. 31ஆவது நிமிடத்தில் ஆறு விநாடி இருக்கிறார். குழாயடியில் குடத்தோடு, சிரித்தபடி. அந்தச் சிரிப்பு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். அழுது முடித்து ஒரு மணி நேரம் கழித்து, சவுண்டுக்காரர் மோர் குடித்துவிட்டு மீசையில் வழிய வழிய நின்றார். அதைப் பார்த்துச் சிரித்தது.

அதன்மேல் வர்ணனை: தண்ணீர் வந்தால் சரஸ்வதி போன்ற பெண்களின் வாழ்க்கையே மாறிவிடுகிறது.

நான் எழுதி அனுப்பியது: "சரஸ்வதி, ரிக் வேலையில் கணவரைப் பறிகொடுத்தவர்." ஆறு விநாடிக்குள் நிற்கும். வாய்விட்டுப் படித்து, கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

திரும்பி வந்தது. மும்பையில் ஒருவர் தமிழை மறுபடி இங்கிலீஷாக்கி வரிக்கு வரி ஒப்பிடுவாராம். சிவப்புக் கோடு. "மூலத்தில் இல்லை."

மூலத்தில் இருந்தது. இதற்கு முன்னால் 52 நிமிட மூலம் ஒன்று இருந்தது.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, நீ எழுதலைன்னா வேற யாராச்சும் எழுதத்தான் போறாங்க என்றார். அப்பளம் நொறுங்கும் சத்தத்தோடு. பொய் இல்லை. ரமணனிடம் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.

எழுதிவிட்டேன். "தண்ணீர் வந்ததும் சரஸ்வதி போன்ற பெண்களின் வாழ்வே மாறிவிடுகிறது." வந்தால் என்பதை வந்ததும் ஆக்கினேன், வாயசைவுக்குப் பொருத்த வேண்டியது ஒன்றும் இல்லை, ஓசைக்காகத்தான். நன்றாக வந்திருக்கிறது என்று ரமணன் பதில் போட்டார். கட்டைவிரல் படம்.

மார்ச் 16, ஞாயிறு

நாமக்கல் போய் வந்தேன், அத்தை மகள் வீட்டு வளைகாப்பு. திரும்பும் பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பேர்.

"எங்கூட்டு பாக்ஸ்ல அந்த மிருகச் சேனல் எல்லாம் வருது."

"பாக்கறீங்களா?"

"எங்கீங்க. சீரியலுக்கே நேரம் பத்தல. கூட வருது, கெடக்குது."

அவர் பேசியதை வெட்டிவிட்டார்கள் என்று நாளை கட்டாயம் சரஸ்வதி அக்காவிடம் சொல்ல வேண்டும். இதை 8ஆம் தேதியும் எழுதியிருக்கலாம். அன்று எதுவுமே எழுதவில்லை.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன். கடைசி நாளில்.

தறிப்பட்டறையில் நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். வேப்ப மரத்தடியில் யாரோ பைக் நிறுத்தியிருந்தார்கள், அதன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் குமாரபாளையத்திலிருந்து மாப்பிள்ளையோடு வருகிறாள், மல்லசமுத்திரத்துப் பங்காளிகள் எல்லாருக்கும் சொல்லியாச்சு, மாப்பிள்ளை அந்தச் சேனலுக்கென்றே பணம் கட்டிச் சேர்த்திருக்கிறார் என்றெல்லாம் முதலில் அவர்தான் சொன்னார். அதற்கப்புறம் நான்.

எட்டு நிமிடம், விளம்பரம், பம்பு கம்பெனி, சிங்கப்பூர். ரமணன் எனக்குச் சொன்ன அதே பொறுமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரலை நானே கேட்டேன்.

அந்தச் சிரிப்பின்மேல் என்ன வரும் என்பதையும் சொன்னேன். மறைக்க முடியாது, நாளை கேட்கத்தான் போகிறார்.

"அந்த வரிய நீங்களேதான் எழுதுனீங்களா டீச்சர்?"

ஆமாங்க என்றேன்.

திட்டியிருக்கலாம். "வெயில்ல நிக்காதீங்க, ஊட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தறிச் சத்தம்.

மார்ச் 23, ஞாயிறு

போகாமல் இருந்துவிடலாம் என்று ஆறரை வரை நினைத்தேன். போனேன். ஓரமாக இடம் கொடுத்தார்கள்.

பதினைந்து பேர் இருக்கும். முதலில் இந்தியில் ஓடியது. மாப்பிள்ளை ரிமோட்டைத் தட்டித் தட்டித் தமிழுக்கு மாற்றுவதற்குள் முதல் விளம்பரமே வந்துவிட்டது. குழந்தைகள் ரிக் வண்டியைப் பார்த்துக் கத்தினார்கள். நம்ம மலை, நம்ம மலை.

ஆறு விநாடி. டப்பிங் குரல் வெண்ணெய் மாதிரி. எல்லாரும் கை தட்டினார்கள். சின்னம்மா நல்லாச் சிரிச்சிருக்கறீங்க என்றாள் ஒரு பெண். இவ்வளவுதானா, பேசுனீங்கன்னாங்களே என்று ஒரு பெரியவர் கேட்டார். பம்பு விளம்பரம் வந்தது. அக்கா டீ போட எழுந்து போனார், படம் முடியும்வரை திரும்பி வரவில்லை.

எனக்கும் ஒரு டம்ளர் டீ வந்தது. மகள் கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

மேகம் போட்டு ஏமாற்றியது. புழுக்கம். ரமணனிடமிருந்து கழுகுப் படம். இன்னும் திறக்கவில்லை.

போர்வெல் படம் காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் மறு ஒளிபரப்பு. இந்த வாரம் முழுக்க. அப்புறம் எங்கே இடம் காலியோ அங்கே சொருகுவார்களாம், வருடக்கணக்கில்.

மூன்று மணிக்கு அக்கா போன் செய்தார். அவராக. எடுக்கவே பயமாக இருந்தது.

நேற்று அந்த ரிக் முதலாளி வீடு தேடி வந்தாராம். சாவுக்கு வராதவர், காரியத்துக்கு வராதவர். ஒரு பை ஆப்பிள், அரைக்கிலோ மைசூர்பாகு. டிவியில் பார்த்தாராம், அவர் வட்டாரத்தில் எல்லோரும் பார்த்தார்களாம். நம்ம தொழிலைப் பற்றி நல்லவிதமாக வந்திருக்கிறது, நீங்களும் நல்லவிதமாக நடந்துகொண்டீர்கள் என்று கும்பிட்டாராம்.

அக்கா அவரை உட்காரச் சொல்லியிருக்கிறார். உட்கார வைத்து, கேமரா முன்னால் சொன்ன அத்தனையையும் முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். நாற்பது அடி, சப்போர்ட் வண்டி, பாறைத் தூள். அவர் தலையைத் தூக்கவில்லையாம். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாராம், இதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று.

"டிவிக்காரங்ககிட்ட அப்பவே சொல்லியாச்சுங்க, வெளிநாட்டுல அத்தன பேரும் பாத்தாச்சு, இங்கதான் காட்டலைன்னு சொன்னனுங்க டீச்சர். மூஞ்சில ஈயாடலை. பையை எடுத்துட்டே போயிட்டாரு."

சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாத்திருப்பாங்கதானுங்க டீச்சர், அங்க?"

பார்த்திருப்பார்கள் என்றேன். அங்கே அதை எத்தனை மணிக்குப் போட்டார்கள், அப்போது எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.