பெடல் என்று நான் எழுதினேன்

அம்மா,

இன்று காலை ஒருவர் ஷெட்டுக்குக் காரைக் கொண்டுவந்தார். கண்ணாடியை இறக்கி, "பிரேக் புடிச்சா உதறுதுமா" என்றார். நீ சொன்ன அதே சொற்கள். சீட்டுப் புத்தகத்தின் மேல் பேனாவை வைத்திருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து சத்தமாக வந்தது: "எது உதறுது?"

அவர் விழித்தார். "வண்டிதாம்மா. பின்ன நானா உதறுவேன்?"

டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய் ஆயில் டின்களுக்கு நடுவே நின்றுகொண்டேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இப்போதும் நினைக்கிற ஒவ்வொரு முறையும் அந்த நிமிடம்தான் நீ இறந்ததை யாரோ வந்து சொன்னதுபோல் இருக்கிறது.

உன் தம்பியின் ஷெட்டில் என்னைச் சேர்த்தது நீதான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் என் வாய் திறக்காது. அந்தப் பயத்திலேயே ஒன்பதாவதோடு நின்றேன். நீ ஒருநாளும் திட்டவில்லை. "எல்லாரும் பேசிக்கினே இருந்தா யாரு கேக்கறது? எம்பொண்ணு கேக்கட்டும்" என்றாய். வண்டிக்காரர்கள் சொல்லும் கோளாறைக் கேட்டுச் சீட்டில் எழுதுவது என் வேலை. பேசத் தேவையில்லை. எழுதினால் போதும்.

அன்று உன் வாடகைக் காரோடு நீயும் வண்டிக்காரியாகத்தான் வந்தாய். கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பத்தைப் பெரிய காஞ்சிபுரத்தில் கடை வாசலில் இறக்கிவிட்டு நேரே வந்திருந்தாய். எனக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "எழுதிக்கோங்க மேடம். பிரேக் புடிச்சா உதறுது" என்றாய். நான் சிரித்துக்கொண்டே "பிரேக் பெடல் உதறுது" என்று எழுதினேன்.

பெடல் என்று நீ சொல்லவில்லை. நான் சேர்த்தேன். எந்தப் பாகம் என்று எழுதாவிட்டால் மாமா சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் யார் எப்படிச் சொன்னாலும் ஒரு பாகத்தின் பெயரைச் சேர்த்துவிடுவது என் வழக்கம்.

மாமா முன் சக்கரங்களைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கின் மேல் கோணலை அளக்கும் டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்தார். முள் ஆடியது. வலப்பக்க டிஸ்க் கொஞ்சம் கோணியிருந்தது உண்மை. அதுதான் எங்களை ஏமாற்றியது. காரணம் கிடைத்துவிட்டதென்று நினைத்துவிட்டோம். டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவி, சக்கரம் மாட்டும் ஹப்பில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, நட்டுகளை எதிரெதிராக ஒரே அளவில் முறுக்கினார். வாலாஜாபாத் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வெண்ண மாதிரி நிக்குதுக்கா" என்றார்.

மறுநாளே திரும்பி வந்தாய். "உதறுதுடா."

இந்த முறை பிரேக் பேடுகளை மாற்றினார். பின் சக்கரத்து டிரம்மையும் திறந்து பார்த்தார். மூன்றாம் முறையும் வந்தாய்.

"டேய், உனக்குத் தெரியலன்னா சொல்லிடு. பஞ்சர் கடைக்காரராண்ட காட்டிக்கறேன்."

"போய்க் காட்டு. அவரு காத்து புடிச்சி அனுப்புவாரு."

ஆனால் மாமாவுக்கு உள்ளுக்குள் அவமானம். காரை நான்கு பக்கமும் தூக்கி நிறுத்தினார். எஞ்சின் ஓடவில்லை. உன்னை உட்கார வைத்து பெடலை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். நான்தான் சின்ன உருவம் என்று, மொபைல் வெளிச்சத்தோடு என்னை ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, பெடலைத் தாங்கும் ஆணி ஆடுகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

"பாரு, இப்பவும் உதறுது!" என்று நீ மேலே கத்தினாய்.

உன் காலை எடுக்கச் சொல்லித் தட்டினேன். எடுத்தாய். பெடலை என் கையால் அழுத்தினேன். உதறாமல் நின்றது. நீ மறுபடி பாதத்தை வைத்தாய். உன் குதிகால் காரின் தரை விரிப்பில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நீ அடிக்கவில்லை. அது தானாக அடித்தது. பெடல் சும்மாதான் இருந்தது, அம்மா. உன் கால்தான் அதை ஆட்டியது.

அதே நேரம் வெளியே மாமா சொன்னார்: "நிக்கிற வண்டி எப்படிக்கா உதறும்? தூங்காம கொள்ளாம டிரிப்பு அடிக்கிறியே, உனக்குத்தான் உதறுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய். நான் தலையை வெளியே எடுத்தேன். ஐந்தாறு ஆண்கள் நின்றிருந்தார்கள். மாமா கிண்டலாகச் சொன்னதையே நான் நிஜமாகச் சொல்ல வேண்டும். மறுபடி வகுப்பில் எழுந்து நிற்பதுபோல் இருந்தது. "ஆணி ஆடலையா?" என்று மாமா கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அது மட்டும்தான் நான் கொடுத்த பதில். அசதியாக இருக்கும், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் நீ தோசை சுட்டுக்கொண்டு அந்தக் கிண்டலையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சொல்லவில்லை. பிறகு பத்தொன்பது நாள் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் தாமல் பக்கமிருந்து சவாரியோடு வரும்போது உன்னால் காலைத் தூக்க முடியவில்லையாம். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னார்: "ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரமா நிறுத்திட்டாங்கம்மா. 'மன்னிச்சுக்குங்க, வேற வண்டி சொல்றேன்'னாங்க. அப்படியே சாய்ஞ்சிட்டாங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் பாதத்தைத் தன் உள்ளங்கையில் தாங்கி மேலே தள்ளினார். அது படபடவென்று அடித்தது. நான் பார்த்த அதே அடி. "இது எத்தனை நாளா இருக்குது?" என்று கேட்டார்.

மாமா பதறிப்போய்ச் சொன்னார்: "அது வண்டி மேடம். சரி பண்ணியாச்சு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. தலைக்குள் கட்டி என்றார்கள். மூன்றாம் நாள் நீ இல்லை.

இன்று ஆயில் டின்களுக்கு நடுவே மாமா வந்து, "இன்னாமா?" என்றார். சொன்னேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தது, பெடலைக் கையால் அழுத்தியது, எல்லாம். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மூணு வாட்டி கழட்டினேன்" என்றார். "மூணு வாட்டியும் வண்டியத்தானே கழட்டினேன்." பிறகு, "நீ கொழந்தம்மா" என்றார். நான் குழந்தை இல்லை. பதினேழு வயது.

மதியம் தனியாகப் பேருந்தில் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. டாக்டரம்மாவுக்கு என்னை ஞாபகமில்லை. உன் காலைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. நான் பார்த்ததையும், சொல்லாததையும், நாட்களையும் சொன்னேன். "அப்பவே கூட்டினு வந்திருந்தா எங்கம்மா பொழச்சிருப்பாங்களா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "கட்டி ரொம்ப நாளா வளர்ந்திருக்கும்மா. பத்தொன்பது நாள்ல என்ன மாறியிருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா, எந்தப் பக்கம் சொன்னாலும் பொய்."

ஆமாம் என்றோ இல்லை என்றோ கேட்கத்தான் போனேன். தெரியாது என்பதை வாங்கிக்கொண்டு வந்தேன். இனி அது என்னிடம்தான் இருக்கும்.

ஆனால் இதை நான் வந்து சொல்லியிருந்தால், டாக்டர் என்ன சொன்னார் என்று நீ கேட்டிருக்க மாட்டாய். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, "நீயா கேட்ட? வாயத் தொறந்து, நீயா?" என்றுதான் கேட்டிருப்பாய்.

நான்தான் கேட்டேன், அம்மா.