துரை சொல்லாத "போங்க"

றக்வான,
வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் சுகமாக இருக்கிறேன். மழையில் போன் சிக்னல் போய்விட்டது, அதனால்தான் கடிதம்.

நேற்று ஒரு வேடிக்கை. எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, சின்னதுதான். அதைப் பற்றி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரை இங்கிலீஷில் பேச, ஆபீஸ் கிளார்க் என்று என்னைத் தமிழில் சொல்லவிட்டார்கள். லயத்து ஆட்கள் இடம் மாறுவதைப் பற்றித் துரை "பிஹோவ்ஸ்" என்று ஒரு பழங்காலச் சொல்லைப் போட்டார். நான் "எல்லாரும் லயத்தை விட்டுப் போகணும்" என்றேன். துரை என்னைத் தடுத்து, "போகணும் என்றால் கம்பெனி இடம் கொடுக்க வேண்டிவரும். போவது அவர்களுக்குத் தகும், பொறுப்பு அவர்களுடையது. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம்" என்று மெதுவாகச் சொன்னார். அப்படியே மாற்றிச் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக் கோகிலா அக்கா, "அப்ப தொரை போகச் சொல்றாரா இல்லியா, புள்ள?" என்று கேட்டார். நான் மறுபடியும் "போவது தகும்" என்றே சொன்னேன். உத்தரவில்லாமல் போனால் வேலை போய்விடும் என்று யாரும் அசையவில்லை.

மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. வடிகட்ட உங்கள் பழைய வேட்டித் துண்டு அனுப்புங்கள். என் அறைக் கதவையும் சாத்த முடியவில்லை. மழைக்கு மரம் உப்பியிருக்கும்.

தபால் பை கிளம்புகிறது. அப்பா, நீங்களாவது தகும் கிகும் என்று எழுதாதீர்கள். "வந்துடு" என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்,
தர்ஷிகா