அரை அங்குல இரும்பு வளையம்

அன்புள்ள அத்தான்,

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. அக்கா மெல்லத் தேறி வருகிறாள். உங்கள் பிக்கப் வண்டிதான் தேறவில்லை. அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு எதற்குப் பெரிய டயர் போட்டீர்கள்? ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரமே காய்ச்சலில் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. இப்போது வாழைக்குலை ஏற்றிக்கொண்டு புதுக்கடைச் சந்தைக்குப் போனால், வளைவுக்கு வளைவு முன் டயர் உள்ளே, பாரம் தாங்கும் வில்பட்டையில் உரசுகிறது. ரப்பர் கருகும் நாற்றத்தில் சந்தையே திரும்பிப் பார்க்கிறது.

பட்டறை ஞானமுத்து மேஸ்திரி, சக்கரத்தைக் கழற்றி அதன் பின்னால் அரை அங்குல கனத்தில் ஓர் இரும்பு வளையம் வைத்தார்.

"சக்கரம் வெளிய தள்ளி நிக்கும் வே. பெறவு எங்க உரசுகது?" என்றார்.

உள்ளே உரசவில்லை. வெளியே மட்கார்டில் உரசியது! விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடக்கினோம். மூன்றாம் நாள் இறக்கத்தில் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடியது. இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டுகளைக் காணோம். மற்றவை கையாலேயே திருக வந்தன. வளையத்தின் கனம் போக, போல்ட்டில் நட்டு பிடிக்க நாலு திருகுக்குத்தான் இடம் இருந்திருக்கிறது. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள், அத்தான். இன்னும் ஒரு பர்லாங் போயிருந்தால்?

வீட்டுக்கு வந்து கத்தினேன். "அத்தானுக்கு என்ன கிறுக்கா? நாளைக்கே பழைய டயர மாட்டப் போறேன்."

"மக்கா, அத மட்டும் செய்யாத," என்றாள் அக்கா.

அப்போதுதான் சொன்னாள். போன மழையில் பிரசவ வலி வந்த ஒரு பெண்ணை நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதையும், ஓடையைக் கடக்கும் சப்பாத்துத் தரைப்பாலத்தில் தண்ணீர் புகுந்து எஞ்சின் நின்றதையும், கட்டிலில் தூக்கிப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இறந்துவிட்டதையும்.

"அன்னைக்கு வந்து சோறு திங்கல்ல. வண்டி கொஞ்சம் உசரமா இருந்திருந்தா ஏறிப் போயிருக்கும்னு அதையே சொல்லிட்டுக் கெடந்தாவ. யாருட்டயும் சொல்லாண்டாம்னு வேற."

எனக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன்தானே நான்? நான் ஊரில் இல்லாத அந்த ஒரு வாரத்தில் நடந்ததை என்னிடமுமா மறைக்க வேண்டும்?

மறுநாளே மேஸ்திரியிடம் போய் நீளமான போல்ட் வேண்டும் என்று நின்றேன். "நட்ட இறுக்கினா போதும், எதுக்கு வெப்ராளப்படுகீரு?" என்றார். நான் நகரவில்லை. நாகர்கோவில் லேத்தில் கடைந்து வர இரண்டு வாரம் இழுத்தடித்தார். இப்போது நட்டு முழுக்க ஏறுகிறது. ஆனாலும் பாரம் ஏற்றி ஒடித்துத் திருப்பினால் லேசாக ஒரு உரசல். அது போகவே மாட்டேன் என்கிறது.

நேற்று நல்ல மழை. வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக அந்தச் சப்பாத்துக்குப் போனேன். தண்ணீர் பாதிச் சக்கரம் வரை ஓடியது. கியரைத் தாழ்த்தி இறக்கினேன். ஏறிப் போய்விட்டது, அத்தான். அக்கரையில் நிறுத்திவிட்டு, கேட்க ஆளில்லாத இடத்தில் உங்களைத் திட்டித் தீர்த்தேன்.

இனி மழையில் யார் வந்து கூப்பிட்டாலும் வண்டியை எடுப்பேன். அதில் எதை மாற்றினாலும், ஏன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்றுவேன். உங்களைப் போல வாயை மூடிக்கொண்டு போக மாட்டேன்.

கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் மச்சினன்
செல்லையா