பாட்டுக்கு ஒரு ட் உண்டு

மாதா துணை

தோணிரேவு,
அக்டோபர் 12, ஞாயிறு.

அன்பு மச்சான் பிரவீனுக்கு மாமா சாம்சன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் உன் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். துபாயில் ஏதோ ஓட்டலில் கீபோர்டு வாசிப்பதாகக் கேள்விப்பட்டோம். வேளைக்குச் சாப்பிடு.

எங்கள் எண்களையெல்லாம் நீ போனில் அடைத்துவிட்டதால்தான் இந்தக் காகிதம். மீஞ்சூர் நிவேதா சனிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போடுவாள். பரிதாபப்பட்டு யாரும் வர வேண்டாம் என்பது அவள் வீம்பு.

உன் அக்கா ஜெனிஃபர் கடைசி ஆல்பம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். கடைசி என்று விளம்பரத்துக்குச் சொல்லவில்லை. தொண்டையில் கட்டி. பொங்கலுக்கு முன்பே கண்டுபிடித்துக் கரண்ட் வைத்தார்கள். அடங்கின மாதிரி இருந்து ஆடியில் திரும்ப வந்துவிட்டது. குரல்பெட்டியையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பாள் என்கிறார் டாக்டர். உனக்குச் சொல்லக் கூடாது என்று மாதா படத்தின் மேல் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மீறிவிட்டேன். அந்தப் பாவம் என் தலையிலேயே இருக்கட்டும்.

சென்னைக்குப் போய்வர அவளுக்குத் தெம்பில்லை. அதனால் நம் வலை ரூம்தான் ஸ்டுடியோ. உங்கள் பழைய சவுண்ட் இன்ஜினியர் முரளி, மைக்கும் லேப்டாப்புமாக வந்து இறங்கினான். நான்கு சுவரிலும் வலைகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டேன். எதிரொலியே இல்லை, இப்படி ஒரு ரூமை நான் பார்த்ததில்லை என்றான். கவிச்சிக்கு மட்டும் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டான். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை யாரும் மோட்டார் போடக் கூடாது என்று தலைவர் எல்லப்பன் மைக்கில் சொல்லிவிட்டார். வருகிற படகெல்லாம் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றித்தான் கரைக்கு வருகிறது. மீன் விற்கிற செசிலியாவின் வாய் சும்மா இருந்து நீ பார்த்திருக்கிறாயா? அவளே, 'பொண்ணு பாடி முடிக்கட்டும்'னு குரலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மொத்தம் எட்டுப் பாட்டு. ஏழு முடிந்தது. நான்கு வரி பாடினால் அரை மணி நேரம் படுக்க வேண்டும். ஏழாவதில் குரல் இரண்டாகப் பிளந்துவிட்டது. மெஷினில் சரி பண்ணிவிடலாம் என்றான் முரளி. 'இருக்கிறது கேட்டா போதும், இல்லாதத இன்னாத்துக்கு ஒட்டவெக்கிற' என்றாள். நான் வெளியே போய்விட்டேன். அழுதால் அதுவும் மைக்கில் விழும் என்று பயம்.

எட்டாவதில் எல்லாம் நிற்கிறது. சின்ன வயதில் அவள் கேள்வியாகப் பாட, நீ பதிலாகப் பாடுவாயே, அந்த மாதிரிப் பாட்டு. 'தண்ணி வத்திப் போனா தோணிக்கு இன்னா வேலை?' என்று பாடி நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு வரிக்கு வெறும் மெட்டுதான். அது உன் இடம். வேறு ஆளை வைக்கலாம் என்றால் முறைக்கிறாள். ஆல்பம் முடியாமல் வர மாட்டேன் என்று ஆபரேஷன் தேதியை இரண்டு முறை தள்ளிவிட்டாள். இப்போது கொடுத்திருப்பது இந்த மாதம் இருபத்தெட்டு. இதையும் தள்ளினால் இன்னொரு தேதி தேவைப்படாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இனி நம் சண்டைக்கு வருகிறேன். உங்கள் நைனா இறந்த பிறகு அவருடைய பாடு, ஏரியில் வலை கட்ட ஊர் சீட்டுக் குலுக்கித் தருகிற அந்த முறை, என் பேருக்கு மாறியது உனக்குப் பொறுக்கவில்லை. சோறு தின்னாமல் கிளம்பினாய். தை மாதம் அக்கா உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'எனக்கு வாணாம், மாமாவே வெச்சிக்கட்டும்' என்று பதில் போட்டுவிட்டு எங்களை அடைத்துவிட்டாய்.

போன வாரம் முரளி அதை அவள் போனில் பார்த்துவிட்டு, 'கடைசிப் பாட்டு உன்னோடது, வந்துடுன்னு இவ்ளோ ஆசையா கூப்ட்டிருக்காங்க, இன்னா மனுசன் அவன்' என்றான். எனக்குக் காலடியில் சேறு இளகின மாதிரி இருந்தது. தையிலேயே அந்த மெசேஜை நானும் பார்த்தவன். அவள்தான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுகிறவள் ஆயிற்றே. அவள் தட்டுகிற தட்டில் பாட்டும் பாடும் ஒன்றுதான், இரண்டுக்கும் paatu. கடைசிப் பாடு உன்னோடது என்றே நான் படித்தேன். நீயும் அப்படித்தான் படித்திருப்பாய். பட்டணத்தானுக்கு அது பாட்டாகத் தெரிந்தது. ஏரியில் பிறந்த நம் இரண்டு பேருக்கும் மீனாகத் தெரிந்தது.

கட்டி என்று தெரிந்ததுமே ஆல்பம் யோசனை அவள் மனதில் இருந்திருக்கிறது. நீ பாட மறுத்துவிட்டாய் என்றுதான் அன்றைக்கு அழுதிருக்கிறாள். என்னைக் கேட்காமல் என் பாடு போனதே என்று நான் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். நீ வேண்டாம் என்றதும் உள்ளூரச் சந்தோஷம் வேறு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இப்போது விஷயத்தைச் சொன்னபோது சிரித்தாள். அப்புறம் வெகுநேரம் சுவரில் தொங்கிய வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் பேனாவால் எழுதுகிறேன். பாட்டு. நடுவில் ட் போட்டுப் புள்ளியும் வைத்திருக்கிறேன், நன்றாகப் பார். பாடும் வேண்டுமானால் எடுத்துக்கொள், எல்லப்பனிடம் பேசிவிட்டேன். முதலில் பாட்டு. ஓட்டல் ரூமில் போனில் பாடி முரளிக்கு அனுப்பினாலும் போதும், அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள். அந்தத் தோணிக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை மச்சான். பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

மாதா உன்னைக் காக்கட்டும். இன்னும் ஒன்றே ஒன்று. இருபத்தெட்டுக்குப் பிறகு ஒரு நாள் அக்காவுக்குப் போன் பண்ணு. எடுப்பாள். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். நீ பாட்டுக்குப் பேசு.

உன் மாமா,
சாம்சன்