அண்ணி எடுத்த கறுப்புக் கல்

ஒக்டோபர் 18, சனி

அண்ணியின் தோட்டத்தில் பதிக்கக் கல் வாங்க நான்தான் கூடப் போனேன். அண்ணனுக்கு வேலை, அவளுக்கு ஜேர்மன் பாஷை இன்னும் பிடிபடவில்லை. கடைக்குள் நுழைந்ததுமே கண்ணாடி மாதிரி மின்னிய கறுப்புக் கிரனைட்டில் கையை வைத்தாள். விற்பனையாளர் பதறிவிட்டார். அது வீட்டுக்குள் போடும் கல், வெளியே போட்டால் மழையில் வழுக்கி விழுவீர்கள் என்றார்.

"என்னவாம்?" என்றாள் அண்ணி.

போன கோடையில், என் வீட்டுத் தோட்டத்தில் நான் முழங்காலில் நின்று பதித்த சொரசொரப்பான கல்லைப் பார்த்து, வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால், "இதென்ன, றோட்டில கிடந்ததைப் பொறுக்கிப் போட்டிருக்கிறியளோ?" என்று சிரித்தவள் இவள்.

"நல்ல கல்லாம் அண்ணி. இதைவிட வடிவா ஒண்டும் இல்லையாம்" என்றேன்.

"பாத்தியளே! எடுப்பம்."

அடுத்த வாரம் பதிக்கிறார்கள். பிறகு இங்கே மழைதான். தேத்தண்ணிக் கோப்பையோடு அவள் வெளியே கால் வைப்பதை நினைத்தால் சந்தோஷத்தில் நித்திரையே வரவில்லை.

அம்மாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். மழைக்குள் தோட்டப் பக்கம் போகவேண்டாம் என்று நாளைக்கு அவருக்கு மட்டும் சொல்லிவைக்க வேண்டும்.

ஏன் என்று கேட்பார்.